வெடி போடாத ஊர்வலம்

பாண்டியம்மாள் போய்விட்டார் என்று ஸ்டேஷன் ஏட்டு போனில் சொன்னபோது, நான் விருதுநகரில் வத்தல் வாங்கிக்கொண்டிருந்தேன். நெஞ்சுவலியாம். பையைக் கடையிலேயே போட்டுவிட்டு சாத்தூர் பஸ் ஏறினேன். ஓய்வுபெற்ற சப்-இன்ஸ்பெக்டர் பஸ்ஸில் அழுதால் நாலு பேர் பார்க்கத்தான் செய்வார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும்.

அவர் கவுன்சிலராக இருந்த வார்டில், வீட்டுக்குள் திருட்டுத்தனமாகப் பட்டாசு செய்ததாக யாரைப் பிடித்தாலும், எங்கள் டீ ஆறுவதற்குள் ஸ்டேஷன் வாசலில் நிற்பார். சீசனில் பிழைக்கிற பிழைப்பு குற்றமா என்று பேசிப் பேசியே ஆளைக் கூட்டிப்போய்விடுவார். எரிச்சலாக வரும். அந்த வாய்க்குச் சிரிப்பும் வரும்.

ஊரில் நடக்கும் குற்றங்களைக் கவுன்சிலர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்று அவர்களை எங்கள் ஜீப்பில் வரச் சொன்னார் டி.எஸ்.பி. மற்றவர்கள் ஒருநாள் வந்து போட்டோ எடுத்துக்கொண்டதோடு சரி. இந்த அம்மா விடவில்லை. செயின் பறிப்பு, கஞ்சா, பைக் திருட்டு என்று ஒவ்வொன்றாகக் குடைந்தார். பட்டாசு வழக்குகள் ஏன் கோர்ட்டில் நிற்பதில்லை என்றும் கேட்டார். கைப்பற்றியதற்குச் சாட்சிக் கையெழுத்துப் போட உள்ளூரில் ஒருத்தரும் வருவதில்லை என்றேன். யார் போடுவார்கள், நாளைக்கு அதே தெருவில்தானே நடக்க வேண்டும் என்று சிரித்தார்.

அப்படிப் போய்க்கொண்டிருந்த ஒரு மதியம், ஜீப் அவருடைய வார்டுக்கே திரும்பியது. வெடித்த வீட்டில் சுவர் இல்லை. தாயும் இரண்டு பிள்ளைகளும் இறந்திருந்தார்கள். அந்தத் தாயை முந்தைய மாதம்தான் ஸ்டேஷனிலிருந்து அவர் கூட்டிப்போயிருந்தார். "நாந்தான சார் கூட்டியாந்தேன்" என்று தெருவிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த சோதனை அவருடைய சித்தப்பா மகன் மாரிச்சாமி வீட்டில். குழந்தை தூங்கிய தொட்டிலுக்குக் கீழே வெடிமருந்து. சாட்சிக்கு ஆள் தேடினால் தெருவே கதவைச் சாத்திக்கொண்டது. பாண்டியம்மாள் என் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

"அக்கா, நீயா?" என்றான் மாரிச்சாமி.

"ஆமாலே. நீ ஜெயிலுக்குப் போ. பிள்ள உசுரோட கெடக்கட்டும்."

கோர்ட்டிலும் வந்து, கண்ணால் பார்த்ததைச் சொன்னார். மாரிச்சாமி உள்ளே போனான். அடுத்த தேர்தலில் அந்தத் தெரு இவருக்கு ஓட்டுப் போடவில்லை. "தோத்தது கெடக்கு சார். எதுக்க வாறவுக மொகத்தத் திருப்பிக்கிடுறாகளே, அதத்தான் தாங்க முடியல" என்றார். தான் செத்தால் ஒரு வெடிகூடப் போடக் கூடாது என்றும் சொல்லி வைத்திருந்தார். எங்கள் பக்கம் வெடி போடாமல் பிணம் எடுப்பது பெரிய அவமானம்.

நான் பஸ் இறங்கிப் போனபோது கட்சிக்காரர்கள் சரவெடியை ரோட்டில் விரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் கணவருக்குத் தடுக்கத் தெம்பில்லை. கூட்டத்தின் கடைசியிலிருந்து மாரிச்சாமி வந்தான். ஜெயிலிலிருந்து வந்தபின் அக்காவோடு பேசாதவன். சரத்தைச் சுருட்டி வாளித் தண்ணீரில் அமுக்கினான்.

"எங்கக்கா வேண்டாம்னு சொல்லியிருக்கு" என்றான். பிறகு பாடைக்குத் தோள் கொடுத்தான்.

அவர் நினைவாக என்னிடம் போட்டோகூட இல்லை. தொட்டிலில் கிடந்த அந்தப் பிள்ளை பள்ளிக்கூடச் சீருடையில் வாசலில் நின்று, அத்தை போவதைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் காட்சியைத்தான் வைத்திருக்கிறேன்.