எடுக்காத புனல்

கல்லூரி முதலாண்டில் கெமிஸ்ட்ரி லேபில் என் பக்கத்து இடம் பாகூர்ப் பக்கத்துக் கடலோரக் குப்பத்துப் பெண்ணுக்கு. எனக்கு ஊர் உறுவையாறு, எங்களுக்கு நெல்லும் கரும்பும். பிளஸ் டூவில் அவளைவிட எனக்குத்தான் மார்க் அதிகம். கேட்காதவர்களிடமும் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

டைட்ரேஷன் தொடங்கியதும் என் பவிசு தெரிந்துவிட்டது. பியூரெட் என்கிற நீளக் கண்ணாடிக் குழாயிலிருந்து காரத்தைச் சொட்டுச் சொட்டாக அமிலத்தில் விட வேண்டும். குடுவையில் ரோஸ் நிறம் லேசாகத் தட்டுகிற அந்தச் சொட்டிலேயே நிறுத்த வேண்டும். என் குடுவை எப்போதும் பீட்ரூட் சாறு. அவளுடையதில் நிறம் இருக்கிறதா என்று வெள்ளைத் தாளை அடியில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். மேடம் அதைத் தூக்கி வகுப்புக்கே காட்டுவார். எனக்கு வயிறு எரியும்.

"மீன் ஆயுற கை, அதான் நடுங்கல" என்று ஒருநாள் அவள் காதுபடவே சொன்னேன்.

"எங்க அம்மாதான்டி ஆயும். நான் கிட்டயே போமாட்டேன், நாத்தம்" என்று சிரித்தாள். அவள் கோபித்துக்கொள்ளாததும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஆண்டுக் கடைசியில் மேடம் ஒரு விஷயம் சொன்னார். திருபுவனையில் ஒரு மருந்து கம்பெனி லேபில் ஒரு மாதப் பயிற்சி. ஒரே ஒரு இடம். பிராக்டிகலில் முதலாவதாக வருகிறவருக்கு அது. எனக்கு அந்த இடம் வேண்டும். அவளுக்குக் கிடைக்கக் கூடாது என்பது அதைவிட அதிகமாக வேண்டும். இதை இப்போது எழுதக் கூசுகிறது, அப்போது கூசவில்லை.

தேர்வன்று பியூரெட்டை நிரப்பிவிட்டு ஆரம்பிக்கப் போனேன். அவள் தலை திருப்பாமல் முணுமுணுத்தாள்: "நுனியில குமிழி நிக்குதுடி. தொறந்து வுடு."

குனிந்து பார்த்தேன். இருந்தது. அந்தக் காற்றுக் குமிழி நடுவில் வெளியேறியிருந்தால் என் கணக்கு முழுக்கப் பாழ். அடித் திருகைத் திறந்து குமிழியை விரட்டிவிட்டு மறுபடி நிரப்பினேன். பேசியதை மேடம் பார்த்திருந்தால் அவளைத்தான் வெளியே அனுப்பியிருப்பார்.

கொஞ்ச நேரத்தில் அவள் பக்கம் கண் போனது. அவள் பியூரெட் வாயில் புனல் அப்படியே இருந்தது. காரத்தை ஊற்றியதும் புனலை எடுத்துவிட வேண்டும். முதல் நாள் பாடமே அதுதான். அடியில் ஒட்டியிருக்கிற சொட்டு நடுவில் உள்ளே விழுந்தால் ரீடிங் தப்பாகிவிடும். சொட்டு தொங்குவதும் எனக்குத் தெரிந்தது. "புனலு" என்று ஒரு வார்த்தை போதும். நான் என் குடுவையைச் சுழற்றிக்கொண்டிருந்தேன். சொட்டு விழுந்தது. அதையும் பார்த்தேன்.

அவள் ரீடிங்குகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. மறுபடி செய்ய நேரமும் இல்லை. நான்தான் முதல்.

ரிசல்ட் ஒட்டிய அன்று பஸ் ஸ்டாப்பில் என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். எங்கே தவறினாள் என்று மேடம் அவளிடம் சொல்லியிருந்தார் போலிருக்கிறது.

"புனலை எடுக்காம வுட்டுட்டேன்டி, லூசு மாதிரி" என்றாள். "நீ உன் வேலையில இருந்த. பாத்திருந்தா சொல்லியிருப்ப."

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். பாகூர் பஸ் வந்தது, ஏறிக்கொண்டாள்.

திருபுவனையில் அந்த ஒரு மாதமும் தினம் டைட்ரேஷன்தான். குடுவை ரோஸாக மாறும்போது கை நடுங்காது, அதில் தேறிவிட்டேன். ஆனால் புனலை எடுக்கும்போதெல்லாம் அவள் மேல் பொறாமை வரும். பக்கத்தில் நிற்கிறவளை அப்படி நம்ப எனக்கு இன்றுவரை வரவில்லை.