பார்வைக்கு வைத்த வீடு

கைபேசியைத் தோல் போர்வையின் உள்மடிப்பில் செருகிக்கொண்டுதான் லெசிங்கோ குடிசைக்குள் குனிகிறார். கால்சட்டையும் சட்டையும் பின்னால் புதரில் ஒரு பையில் தொங்கும். அந்தச் சட்டைப்பையில் லைட்டர் உண்டு. ஆனால் விருந்தாளிகளுக்கு முன்னால் குச்சியைக் கடைந்துதான் தீ மூட்ட வேண்டும். யாராவது படம் சரியாக விழவில்லை என்றால் முகம் சுளிக்காமல் ஊதி அணைத்துவிட்டு மறுபடி கடைவார். "சோறு வேணும்னா கடையணும்" என்பார் என்னிடம்.

இந்தக் குடிசை இருக்கிற சுற்றுலா விடுதியில் நான் ஜீப் ஓட்டுகிறவன். கம்பா இனத்து ஆள், ஊர் மச்சாகோஸ் பக்கம். லெசிங்கோ ஒகியெக். காட்டில் தேன் எடுத்துப் பிழைத்த ஜனம். விடுதியில் சேர்ந்த புதிதில் அவருக்குச் சிவப்புத் துணியைச் சுற்றி மாடு மேய்க்கும் மசாய்க்காரர்களின் குதியாட்டத்தில் குதிக்க விட்டார்கள். மசாய்க்காரர்களுக்கு மாடு இல்லாதவன் மனுஷனே இல்லை. ஆட்டக்குழுத் தலைவன் ஒலெ சங்கான் தினமும் சீண்டுவான்.

"உனக்கேதுய்யா மாடு? எதுக்குக் குதிக்கிறே?"

"உன் மாட்டுக்காகவா குதிக்கிறேன்? சம்பளத்துக்குக் குதிக்கிறேன்."

இந்தப் பதிலைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். சம்பள நாளில் அவரிடமே ஒலெ சங்கான் கைமாற்று கேட்டு நிற்பதையும் பார்த்திருக்கிறேன். வெளிநாட்டுக்காரனுக்கு நாங்கள் எல்லாரும் ஒன்றுதான், உடுப்பு மட்டும் வேறு. அந்த வயிற்றெரிச்சலை நாங்கள் எங்களுக்குள்ளேயே தீர்த்துக்கொள்கிறோம்.

போன வருஷம் மேலாளர் அம்மா நியாகியோவுக்கு ஒரு யோசனை வந்தது. குதிப்பதைப் பார்த்துப் பார்த்து விருந்தாளிகளுக்குச் சலித்துவிட்டதாம். காட்டுஜனத்தின் வீடு ஒன்று வேண்டும் என்றார். லெசிங்கோவே கட்டினார். மூங்கிலும் தேவதாருப் பட்டையும் வைத்து, காட்டில் தன் அப்பா கட்டிய வீடு எப்படி இருந்ததோ அப்படியே, அடுப்பு எந்த மூலையோ அந்த மூலையிலேயே. அந்த வீடு இப்போது இல்லை. காட்டைக் காப்பாற்றுகிறோம் என்று வந்த காவலர்கள் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்திவிட்டார்கள். வேலியே பயிரை மேய்ந்த கதைதான். அவர் மனைவி தபர்னோவும் பிள்ளைகளும் நகரத்தில் ஒரு தகர அறையில் வாடகைக்கு இருக்கிறார்கள். இந்தக் குடிசையில் ஒரு ராத்திரி படுக்கக்கூட அவருக்கு அனுமதி கிடையாது. மாலையானால் தீயைத் தண்ணீர் ஊற்றி அணைத்து, கதவைப் பூட்டிச் சாவியை அலுவலகத்தில் கொடுத்துவிட வேண்டும்.

வருகிறவர்கள் ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்பார்கள். உங்கள் நிஜ வீடும் இப்படித்தானா, அது எங்கே இருக்கிறது? லெசிங்கோ சுவாஹிலியில் ஒரே பதிலைச் சொல்வார்: "காவல்காரங்க எரிச்சிட்டாங்க. என் கண்ணு முன்னாடி." அதை நான் ஆங்கிலத்தில் மாற்ற வேண்டும். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது என்று சொல்லும்படி எனக்கு மேலாளர் அம்மாவின் உத்தரவு. சொல்லித் தொலைப்பேன். நான் மாற்றிச் சொல்கிறேன் என்பது அவருக்குத் தெரியும். "நீ என்னவோ சொல்லிக்க. நான் சொல்றதைச் சொல்லிட்டுத்தான் இருப்பேன்" என்பார். அவர் ஜனம் காட்டைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போட்டிருக்கிறது. அதில் அவரும் ஒரு சாட்சி. வாய் பழகியிருக்க வேண்டும் அல்லவா?

கடைசியில் தோல் பையிலிருந்து ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் ஒரு கரண்டி தேன் வைப்பார். கடையில் வாங்கிய பாட்டில் தேன் போதும் என்றுதான் மேலாளர் அம்மா சொன்னார். லெசிங்கோ ஒத்துக்கொள்ளவில்லை. வேலி ஓரத்து மரத்தில் தானே கூடு கட்டித் தொங்கவிட்டு எடுக்கிறார். அவர் குடும்பத்தில் தேன் விளையாட்டல்ல. இரண்டு பேருக்குள் பகை என்றால், பாதிக்கப்பட்டவன் தன் கையால் மற்றவனுக்குத் தேன் கொடுத்தால் அதோடு முடிந்தது. பிறகு கொடுத்தவனோ அவன் பிள்ளைகளோ அந்தப் பேச்சை எந்தச் சபையிலும் எடுக்கக் கூடாது. அண்ணனோடு இருந்த சண்டையை அவர் அப்படித்தான் முடித்தாராம்.

சென்ற மாதம் உள்ளூர் விருந்தாளிகள் வந்தார்கள். ஓய்வு பெற்ற ஓர் அதிகாரி, மனைவி, இரண்டு மகள்கள். பெரிய இடம் என்பதால் மேலாளர் அம்மாவே கூட வந்தார். தீயைக் கடைந்துகொண்டிருந்த லெசிங்கோ அந்த மனிதர் குரல் கேட்டதும் நிமிர்ந்தார். மறுபடி கடைந்தார். தீ பிடிக்கவே இல்லை. நான் உதவுகிற சாக்கில் அருகே போனேன்.

"இவன்தான். என் வீட்டுக்குத் தீக்குச்சி கிழிச்சது இவன் கைதான்" என்றார் தாழ்ந்த குரலில்.

அந்த மனிதருக்கு லெசிங்கோவை அடையாளம் தெரியவில்லை. எத்தனை வீடு, எத்தனை முகம், அவர் எதை நினைவில் வைத்துக்கொள்வார்? சுவரைத் தடவிப் பார்த்தார். அடுப்பு மூலையைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். உண்மையிலேயே மகிழ்ந்துபோனார் என்றுதான் சொல்ல வேண்டும்.

"இவ்வளவு வருஷம் அந்தக் காட்டுல வேலை பாத்தேன்" என்றார் மனைவியிடம். "இவங்க வீட்டுக்கு உள்ள வந்து பாத்ததே இல்ல. எவ்ளோ அழகா கட்டியிருக்காங்க பாரேன்."

மனைவிக்கும் மகள்களுக்கும் லெசிங்கோ தேன் வைத்தார். அதிகாரியின் முறை வந்தது. கையை நீட்டிக்கொண்டு நின்றார். லெசிங்கோவின் கரண்டி தேன் பையிலேயே நின்றது. பாட்டில் தேனாக இருந்திருந்தால் அது சடங்கில் சேராது, லெசிங்கோ தப்பித்திருப்பார் என்று நினைத்தபோது எனக்கே வாய் கசந்தது.

"என்ன லெசிங்கோ, ஐயாவுக்குக் குடு" என்றார் மேலாளர் அம்மா. சிரித்த முகத்தோடுதான் சொன்னார். அந்தச் சிரிப்புக்குப் பிறகு வேலை போனவர்களை எங்கள் எல்லாருக்கும் தெரியும். வேலை போனால் தகர அறையும் போகும்.

லெசிங்கோ கொடுத்தார். கரண்டியிலிருந்து வழிந்ததையும் விரலால் வழித்து, மீதி இல்லாமல் அந்தக் கையில் வைத்தார். அந்த மனிதர் நக்கிப் பார்த்துவிட்டு, நல்ல தேன் என்று அவர் தோளில் தட்டினார்.

ஜீப்பில் ஏற்றி அனுப்பிவிட்டு வந்து நான் கத்தினேன். இவர்கள் மிரட்டிக் கொடுக்க வைத்த தேன் கணக்கில் வருமா, வயிற்றுக்காகச் செய்ததற்குச் சாமி கோபிக்குமா, கோர்ட்டில் போய் நடந்ததைச் சொல்லுங்கள் அண்ணே என்றேன். அவர் கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"தேன் பொய் இல்லையே, தம்பி" என்றார்.

மறுநாள் காலை ஜெர்மன்காரர்கள் ஒரு கூட்டம். தீ மூண்டது, கேமராக்கள் கிளிக் கிளிக் என்றன. வயதான ஒரு பெண் வழக்கமான கேள்வியைக் கேட்டாள். உங்கள் நிஜ வீடு எங்கே? நான் என் பொய்யைத் தயாராக வைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தேன். லெசிங்கோ வாயைத் திறந்தார். பிறகு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு தலை குனிந்தார். அதுவும் ஒரு சடங்கு என்று நினைத்து, இன்னொரு முறை செய்யச் சொல்லிக் கேமராவைச் சரிசெய்தாள் அவள். லெசிங்கோ இன்னொரு முறை செய்தார்.