ஜெர்மனிக்குப் போன மஞ்சள் பொட்டு

பாலக்கரையில் என் கடை. லீமா ஜெராக்ஸ், கூரியர், ஆன்லைன் சேவை என்று போர்டில் எழுதியிருக்கும். ஊர்க்காரர்களின் ஆதார் கார்டையும் ஹால் டிக்கெட்டையும் பார்த்துப் பார்த்து, விருத்தாசலத்தில் யார் வீட்டுப் பிள்ளை என்ன படிக்கிறது என்பது எனக்கு அத்துப்படி.

இப்போது ஊருக்கே வெளிநாட்டுப் படிப்புக் காய்ச்சல். "அக்கா, ஃபாரின்ல இன்னா இன்னா கோர்ஸ் இருக்குதுன்னு பாத்து பிரிண்ட் போட்டுக் குடு" என்று வருவார்கள், ஏதோ மளிகைக் கடையில் என்ன பருப்பு இருக்கிறது என்று கேட்பதுபோல. இன்ன படிப்பு வேண்டும் என்று ஒருவரும் எடுத்ததும் சொல்வதில்லை. முதலில் நாட்டைச் சொல்வார்கள், அடுத்து அந்த நாட்டில் இருக்கும் சித்தப்பா மகனைச் சொல்வார்கள். படிப்பைக் கேட்டால் முழிப்பார்கள். டேட்டா சயின்ஸ் வேண்டும் என்பான் ஒருவன், அவனுக்கு அது என்னவென்று தெரியாது, எனக்கும் தெரியாது. இருவரும் தெரிந்ததுபோல் தலையாட்டிக்கொள்வோம். எனக்கு எரிச்சலாக வரும். கடையில் உட்கார்ந்துகொண்டு எரிச்சலைக் காட்ட முடியுமா?

படிப்பின் பெயரை முதலில் சொல்லி, நாட்டைப் பிறகு தேடிய ஒரே ஆள் மதிவதனிதான்.

"லீமாக்கா, செராமிக்ஸ்ல மாஸ்டர்ஸ். எந்த நாட்டுல இருந்தாலும் சரி. இங்கிலீஷ்ல சொல்லிக் குடுக்கணும், அவ்ளோதான்."

"ஏன்டி, பீங்கான் ஊருல இருந்துக்கிட்டு பீங்கான் படிக்க வெளிநாடா?" என்றேன்.

"இங்க செய்யக் கத்துக்கிட்டேன்க்கா. அது ஏன் வெடிக்குதுன்னு கத்துக்கணும்."

மதிவதனி ஸ்ரீமுஷ்ணத்துப் பெண். இங்கேதான் செராமிக் டிப்ளமோ படித்தாள், பிறகு சென்னையில் பி.டெக். முடித்ததும் ஐ.டி. கம்பெனிக்குப் போகாமல் திரும்பி வந்து, செராமிக் எஸ்டேட்டில் பியூஸ் கேரியர் செய்யும் ஒரு யூனிட்டில் வேலைக்குச் சேர்ந்தாள். மீட்டர் பெட்டிக்குள் வெள்ளையாக இருக்குமே, அந்தப் பீங்கான்தான் பியூஸ் கேரியர். சூளையில் சுடும்போது உடைவதும் கோணுவதும் போக மிஞ்சியதுதான் கடைக்கு வரும். உடைந்தது எல்லாம் யூனிட்டின் பின்பக்கம் வெள்ளை மேடாகக் குவிந்து கிடக்கும். ஒருமுறை சுட்ட பீங்கான் மறுபடி மண்ணாகாது. எல்லாரும் அந்த மேட்டைப் பார்க்காமல் நடக்கப் பழகியிருந்தார்கள். இவள் மட்டும் அதை அள்ளி வந்து மாவாக அரைத்து, புதுக் களிமண்ணோடு கலந்து, சின்னச் சின்ன டைல்ஸ் சுட ஆரம்பித்தாள்.

அழகாகத்தான் வந்தன. என் கடை மேஜைக்கும் ஒன்று கொடுத்திருந்தாள், அதன்மேல் நான் டீ டம்ளர் வைத்துக்கொள்வேன். ஆனால் சில மாதம் கழித்து அதில் சிலது தானாக வெடித்துவிடும், சிலது கல்லாட்டம் நிற்கும். எது வெடிக்கும், எது நிற்கும் என்று சூளையிலிருந்து எடுக்கும்போது கண்டுபிடிக்க முடியவில்லை. அதற்கான கருவி அந்தச் சின்ன யூனிட்டில் ஏது? அதுதான் அவள் தூக்கத்தைக் கெடுத்த விஷயம்.

கடலூரில் ஒரு ஏஜெண்டிடம் போய்ப் பார்த்தாள். அவர் இவள் சொன்னதைக் கேட்டுவிட்டு, "மேடம், மண்ணுக்கெல்லாம் ஸ்கோப் இல்ல. லாஜிஸ்டிக்ஸ் எடுங்க, பிரெண்டு ஒருத்தங்களையும் கூட்டிட்டு வந்தா ஆஃபர் இருக்குது" என்றாராம். சீட்டுக் கம்பெனிக்கு ஆள் பிடிப்பதுபோல இருந்ததாம். கும்பிடு போட்டுவிட்டு நேராக என் கடைக்கு வந்துவிட்டாள்.

நாங்களே தேடினோம். இரண்டு பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தோம். இரண்டும் மன்னிக்கவும் என்று மரியாதையாக மெயில் அனுப்பின. மூன்றாவது, ஜெர்மனியில் ஒரு சின்ன ஊரில். அதுவும் நம் ஊர்போலப் பீங்கான் ஊர்தானாம். அவர்கள் மதிப்பெண் சான்றிதழோடு, நீங்கள் செய்த பொருளையும் பார்சலில் அனுப்புங்கள் என்றார்கள். மதிவதனி துள்ளிக் குதித்தாள்.

அந்தத் துள்ளலுக்குப் பின்னால் ஒரு பயமும் இருந்தது. யூனிட் முதலாளி அவளை சூப்பர்வைசராகப் போடுவதாகச் சொல்லி, பதிலுக்குக் காத்திருந்தார். கல்யாணமாகி மூன்று வருஷமாகிவிட்டது, உறவுக்காரர்கள் வேறு வாயை மூடவில்லை. "இந்த தபா கெடைக்கலன்னா விட்டுடறேன். அப்பறம் இந்தப் பேச்சே எடுக்க மாட்டேன்" என்று புருஷனிடம் அவளே சொல்லிவிட்டாள்.

புருஷன் பெயர் கொளஞ்சி. சொந்த டிராக்டர், பெண்ணாடம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஓட்டுகிறவன். தங்கமான பிள்ளை. அவனிடம் ஒரே ஒரு பழக்கம்: புதிதாக எது வீட்டுக்கு வந்தாலும், எது வீட்டை விட்டுக் கிளம்பினாலும் பொட்டு வைத்தாக வேண்டும். நம் ஊரில் யார்தான் வைக்கவில்லை என்பீர்கள். இவன் கணக்கே வேறு. மஞ்சளைத் தண்ணீரில் குழைத்து வட்டமாக அப்பி, நடுவில் குங்குமம். மிக்ஸிக்கு வைப்பான், கேஸ் சிலிண்டருக்கு வைப்பான், டிராக்டரின் பஞ்சர் ஒட்டிய டயருக்கும் வைப்பான். புது மீட்டர் பொருத்தியபோது அதன் கண்ணாடியில் வைத்துவிட்டான். ரீடிங் எடுக்க வந்தவர் நம்பர் தெரியாமல் கொளஞ்சியைக் கூப்பிட்டுத் துடைக்கச் சொன்னார். நான் சிரிக்கக் கூடாது. எங்கள் பங்குச் சாமியாரைக் கூட்டிவந்து ஜெராக்ஸ் மெஷினுக்குத் தீர்த்தம் தெளிக்க வைத்தவள்தான் நானும்.

பார்சல் அனுப்பும் நாளில் மதிவதனிக்குக் காலை ஷிப்ட். ஆறு டைல்ஸையும் பேப்பரில் சுற்றி வைத்துவிட்டுப் போனாள். கொளஞ்சிதான் பெட்டியில் அடுக்கி, பழைய புடவையைத் திணித்து, டேப் ஒட்டி என் கடைக்குக் கொண்டுவந்தான். நான் எடை போட்டு ரசீது கொடுத்தேன்.

"நல்லபடியா போய்ச் சேந்துடும்லக்கா?"

"சேந்துடும்டா."

ஒரு மாதம் கழித்து நேர்காணல், வீடியோவில். அவள் வீட்டில் சிக்னல் நிற்காது என்பதால் என் கடையிலேயே நடத்துவதாக ஏற்பாடு. மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கினேன். வாசலில் ஸ்டூல் போட்டுக் கொளஞ்சி உட்கார்ந்தான், ஜெராக்ஸ் கேட்டு வந்தவர்களை எல்லாம் கையால் விரட்டிக்கொண்டு. நான் கேமராவுக்குத் தெரியாத மூலையில், ஜெபமாலையைக் கைக்குள் வைத்துக்கொண்டு நின்றேன்.

திரையில் இரண்டு பேர். நரைத்த குட்டைமுடி வைத்த பேராசிரியை ஒருவர், தடித்த கண்ணாடி போட்ட ஆள் ஒருவர். மதிவதனி நன்றாகத்தான் பேசினாள். வெள்ளை மேட்டைப் பற்றிச் சொன்னாள், அரைத்த விதத்தைச் சொன்னாள். பிறகு கண்ணாடிக்காரர் டைல்ஸ் ஒன்றைத் தூக்கிக் கேமராவுக்கு நேராகப் பிடித்தார். வெள்ளை டைல்ஸில் காய்ந்துபோன மஞ்சள் வட்டம், நடுவில் சிவப்பு.

மதிவதனிக்கு முகம் வெளுத்துவிட்டது.

கண்ணாடிக்காரர் ஆர்வமாகக் கேட்டார். இவ்வளவு சூட்டில் சிவப்பு நிற்பது கஷ்டமாயிற்றே, இந்தச் சிவப்பை எப்படிக் கொண்டுவந்தீர்கள்? தனியாக இன்னொரு முறை சுட்டீர்களா? விண்ணப்பத்தில் இதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே? தேர்வுக் குழு பார்த்து முடிக்கும்வரை கழுவக் கூடாது என்று அப்படியே வைத்திருக்கிறோம் என்றார்.

நானாக இருந்தால், ஆமாம் ஐயா, தனியாகத்தான் சுட்டேன் என்று தலையாட்டியிருப்பேன். ஆள் அப்படி மயங்கிப்போய்க் கேட்கிறார்! அவள் ஒரு நொடி வாசல் பக்கம் பார்த்தாள். கொளஞ்சி ஒன்றும் தெரியாமல் யாரோ ஒரு கிழவரிடம் "அப்பறம் வாங்க பெரியவரே" என்று கெஞ்சிக்கொண்டிருந்தான்.

"சார், அது சூளையில் சுட்ட கிளேஸ் பூச்சு இல்லை. என் கணவர் வைத்த பொட்டு" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். எங்கள் ஊரில் ஒரு பொருள் வீட்டை விட்டுக் கிளம்பினால் இப்படி வைத்து அனுப்புவோம், அது மஞ்சள் தூளும் குங்குமமும்தான், ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும் என்றாள். திரையில் இருந்த இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இந்தக் கொளஞ்சிப் பயலை என்ன செய்யலாம் என்றுதான் அந்த நேரம் நினைத்தேன்.

பேராசிரியை ஈரத்துணி எடுத்துத் துடைத்தார். குங்குமம் போயிற்று. மஞ்சள் போனது, ஆனால் முழுசாகப் போகவில்லை. டைல்ஸைக் கேமராவுக்குக் கிட்டே கொண்டுவந்தார். வட்டம் இருந்த இடத்தில் மெல்லிய மஞ்சள் கோடுகள், சிலந்தி வலை மாதிரி.

"விரிசல்" என்றார் பேராசிரியை. விரிசல் இல்லை என்று எழுதியிருந்தீர்களே?

கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசலுக்குள் மஞ்சள் இறங்கி, அது ஓடிய வழியையெல்லாம் காட்டிக்கொடுத்துவிட்டது. தீர்ந்தது என்று நான் ஜெபமாலையைப் பையில் போட்டுவிட்டேன்.

மதிவதனி நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டாள். "மேடம், மற்றதையும் துடையுங்கள்!"

கேட்கவில்லை, உத்தரவே போட்டாள். அந்த அம்மாளும் பொட்டோடு இருந்த மற்ற ஐந்தையும் துடைத்தார். மொத்தம் நாலில் மஞ்சள் வலை. இரண்டு மட்டும் பளிச்சென்று வெள்ளை.

"அந்த ரெண்டையும் திருப்புங்கள். பின்பக்கம் நம்பர் கீறியிருப்பேன்."

திருப்பினார்கள். நம்பரைப் பார்த்ததும் இவள் மேஜையை ஓங்கி ஒரு தட்டு தட்டினாள், என் டம்ளர் உருண்டது. "மழை பெய்ஞ்ச அன்னிக்கு சுட்டது!" என்று தமிழிலேயே கத்திவிட்டாள். அன்றைக்கு அடைமழை. சூளையைத் திறக்க ஆள் வரவில்லை. மறுநாள் சாயங்காலம்வரை அது தானாக ஆறிக் கிடந்தது. மற்ற நாளெல்லாம் அவசரத்துக்குச் சூட்டோடு திறந்துவிடுவார்கள். எது நிற்கும், எது வெடிக்கும் என்று இத்தனை நாள் தெரியாமல் தவித்தது சூளை மெதுவாக ஆறுகிற விஷயத்தில் வந்து நின்றது. அவள் படபடவென்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே போனாள், இடையிடையே அவர்களையே கேள்வி கேட்டாள். இது நேர்காணல் என்பதே மறந்துபோயிற்று. கண்ணாடிக்காரர் சிரிக்க ஆரம்பித்தார். அவர்கள் லேபில் விரிசல் பார்க்க இதற்கென்றே ஒரு சாயம் தடவுவார்களாம். உங்கள் கணவர் சாயத்தைத் தடவியே அனுப்பிவிட்டார் என்றார்.

ஷட்டரைத் தூக்கியதும் அவள் வெளியே ஓடினாள்.

"என்னாங்க, டைல்ஸுக்குப் பொட்டு வெச்சீங்களா?"

"ஆமா. ஏன்?"

"எங்கிட்ட சொல்லவே இல்ல?"

"இதுல சொல்றதுக்கு இன்னா இருக்குது?" என்றான் கொளஞ்சி. கதவைப் பூட்டினேன் என்று யாராவது சொல்லிக்கொண்டிருப்பார்களா? பிறகு அவள் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய், "கெடுத்துட்டனா மதி?" என்றான். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. நான்தான் நடந்ததைச் சொன்னேன். அவன் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் டீ வாங்கப் போய்விட்டான்.

சேர்க்கைக் கடிதம் வந்தது. பிரிண்ட் எடுத்ததும் முதல் காரியமாக அதன் மூலையில் கொளஞ்சி பொட்டு வைத்தான், நான் மறுபடி ஒரு பிரிண்ட் போட்டேன். உறவுக்காரர்கள் வந்து கேட்டார்கள்: பொண்டாட்டியை ரெண்டு வருஷம் அனுப்பிவிட்டு நீ இங்கே தனியாக என்ன செய்வாய்? "டிராக்டர் ஓட்டுவேன்" என்றான்.

கிளம்பிய அன்று ஜங்ஷனுக்கு நானும் போனேன். மெட்ராஸ் ரயில் அறிவித்தாகிவிட்டது. கொளஞ்சி சட்டைப் பையிலிருந்து மஞ்சளும் குங்குமமும் மடித்து வைத்த பேப்பரை எடுத்தான். தண்ணீர் பாட்டிலைச் சரித்து உள்ளங்கையில் மஞ்சளைக் குழைத்தான். பெரிய பெட்டிக்கு ஒன்று, சின்னப் பெட்டிக்கு ஒன்று, கைப்பைக்கு ஒன்று. பாஸ்போர்ட்டை நோக்கிக் கை போனபோது மதிவதனி பட்டென்று அந்தக் கையில் ஒரு அடி வைத்தாள்.

"இது கவர்மெண்டு சாமான். கைய எடுங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான், ஆனால் சிரித்துக்கொண்டே முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். "நானே பொட்டு வெச்சு நானே அனுப்பி வுட்டுட்டேன் பாருக்கா" என்றான் என்னிடம்.

ரயில் வந்து நின்றது. பெட்டிகளை ஏற்றிவிட்டு இறங்கினான். அவள் படியில் நின்றுகொண்டு குனிந்தாள்.

"வூட்ட வுட்டுக் கெளம்புற எல்லாத்துக்கும் வெக்கிறீங்க. எனக்கு?"

கொளஞ்சி உள்ளங்கையைப் பார்த்தான். மஞ்சள் தீர்ந்துபோயிருந்தது. ஓரத்தில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து, அத்தனை பேர் பார்க்க அவள் நெற்றியில் வைத்தான், அதன்மேல் குங்குமம். பொட்டு கொஞ்சம் கோணலாக விழுந்தது. ரயில் நகர்ந்தது.

"சென்னை போனதும் தொடச்சிடாத" என்று கூடவே நடந்துகொண்டு சொன்னான்.

"தொடச்சாலும் போவாதுங்க" என்றாள் மதிவதனி.