தலைக்கவசத்தின் உள்பக்கம்

எங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்குத் தமிழ் டீச்சர் ஒரு சரித்திர நாடகம் எழுதியிருந்தார். போரில் தோற்று ஊர் திரும்பும் ஒரு தளபதியின் கதை. தளபதி வேஷத்துக்காகச் சென்னையிலிருந்து ஒரு தலைக்கவசம் வரவழைத்தார்கள். பெட்டியைப் பிரித்ததும் ஆசிரியர் அறையே சிரித்தது. ஃபைபரில் செய்து வெள்ளிப் பெயின்ட் அடித்து, கல்யாண வீட்டுச் சாம்பார் வாளி மாதிரி பளபளவென்று இருந்தது. தமிழ் டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

“மிஸ், நம்ம தளபதி எத்தினியோ போர் பார்த்தவன். இத்த மாட்டிக்கினு மேடைக்கு வந்தா பேண்டு வாத்தியக்காரன்னு நெனைப்பாங்க. நீங்கதான் இத்தப் பழசாக்கித் தரணும்.”

நான் திண்டிவனத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஓவிய ஆசிரியை. ஓவியம் சொல்லிக்கொடுப்பதுதான் என் வேலை என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். மேடை ஜோடனை, வரவேற்புப் பலகை, பொங்கல் கோலம், மேலிடத்துப் பிள்ளைகளின் ப்ராஜெக்ட் எல்லாம் என் தலையில்தான் விடியும். இருந்தாலும் இந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. பழசைப் புதுசாக்கச் சொல்லித்தான் இதுவரை எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். புதுசைப் பாழாக்கச் சொல்லி ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

முதல் முயற்சியில் நன்றாகச் சொதப்பினேன். போர் என்றால் வாள்வெட்டு என்று நினைத்து, உச்சியிலிருந்து நெற்றி வரைக்கும் கறுப்பில் கோடு கோடாக இழுத்து, ஓரத்தில் துரு நிறம் தீட்டி, சனிக்கிழமை கொண்டுபோய்க் காட்டினேன். தமிழ் டீச்சர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தப்பா நெனைச்சுக்காதீங்க மிஸ். பூனை பிராண்டி வெச்ச மாதிரி இருக்கு.”

எனக்குச் சுருக்கென்று ரோஷம் வந்துவிட்டது. பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு என் வீட்டுக்காரர் உள்ளறையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். நான் கூடத்தில் பேப்பரை விரித்து, உப்புத்தாளால் பழைய பெயின்டைத் தேய்த்து எடுத்து, கவசம் முழுக்கத் துரு நிறம் அடித்துக் காய வைத்தேன். அடுத்தது போனில் ஒரு வீடியோவில் பார்த்த உபாயம். எங்கெல்லாம் பெயின்ட் உதிர்ந்த மாதிரி தெரிய வேண்டுமோ அங்கெல்லாம் தண்ணீர் தொட்டுக் கல் உப்பை ஒட்டி வைத்து, அதன் மேல் வெள்ளி ஸ்ப்ரே அடிக்க வேண்டும். காய்ந்த பிறகு உப்பைத் தட்டிவிட்டால் அந்த இடத்தில் மட்டும் அடியிலிருக்கும் துரு எட்டிப்பார்க்கும். மரக்காணத்து உப்புக்கு எங்கள் வீட்டில் பஞ்சமில்லை. உப்பை எங்கே ஒட்டுவது என்பதுதான் தெரியவில்லை. தலையில் மாட்டும் ஒரு பொருள் நிஜத்தில் எங்கெங்கே அடிபடும்?

கதவோரம் ஆணியில் அவருடைய ஹெல்மெட் தொங்கியது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

அந்த ஹெல்மெட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் விழுப்புரத்தில் ஒரு மோட்டார் பம்பு கடையில் விற்பனையாளர். தினமும் பைக்கில்தான் போய் வருவார். பஸ்ஸில் போங்கள் என்று சொல்லி அலுத்துவிட்டேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் அதே கடையில் வேலை பார்த்த ஒருவர், விக்கிரவாண்டிக்கு இந்தப் பக்கம் லாரி உரசி விழுந்தார். உடம்பில் ஒரு கீறல் இல்லை, தலையில்தான் அடி. துக்கம் கேட்கப் போனபோது அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஹெல்மெட்டு வீட்டுலதான் கீதுக்கா, தோ அங்க கீது பாருக்கா” என்று அலமாரியையே காட்டிக்கொண்டிருந்தாள். மறுநாள் நான் போய் இதை வாங்கி வந்தேன். அன்றிலிருந்து காலையில் வாசலில் நின்று, அவர் அதை மாட்டித் தாடைக்குக் கீழே கிளிப்பைப் போடும் ‘டக்’ சத்தம் கேட்ட பிறகுதான் உள்ளே போவேன். சாயங்காலம் அதே ஹெல்மெட் தலையோடு வந்து இறங்குவார். எனக்கு நிம்மதி.

இப்போது அதைப் பெயின்டரின் கண்ணால் பார்த்தேன். உச்சியில் ஒன்றுமே இல்லை. வெயிலில் கொஞ்சம் வெளுத்திருந்தது, அவ்வளவுதான். அடிபட்டிருந்ததெல்லாம் கீழ் விளிம்பு. அங்கே பெயின்ட் பொடிப்பொடியாக உதிர்ந்து, அடியிலிருந்த வெள்ளை தெரிந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். ஒரு கவசத்தை எதிரி எப்போதோ ஒருமுறைதான் வெட்டுவான். போட்டவனோ தினமும் கழற்றித் தரையில் வைக்கிறான், திரும்ப எடுக்கிறான். தேய்மானமெல்லாம் புழக்கத்தில் வருவது. இது புரியாமல் வாள், வெட்டு என்று அலைந்திருக்கிறேனே என்று என்னையே திட்டிக்கொண்டு, தளபதியின் கவசத்துக்கு விளிம்பை ஒட்டி உப்பை வைத்துக்கொண்டே வந்தேன்.

உள்விளிம்பில் வியர்வை எப்படிக் கறுத்திருக்கும் என்று பார்க்கத்தான் ஹெல்மெட்டைக் கவிழ்த்தேன்.

உள்ளே ஒரு அழுக்கு இல்லை. கன்னத்துப் பஞ்சு புசுபுசுவென்று கடையில் பார்த்த மாதிரியே இருந்தது. கம்பெனி ஸ்டிக்கர்கூட உரியவில்லை. என் வீட்டுக்காரர் தலைக்குச் சாயம் அடிப்பவர். ஊருக்குத் தெரியாது, தலையணைக்குத் தெரியும். உறையெல்லாம் கறுப்புத் திட்டு. அதைத் துவைத்துத் துவைத்தே எனக்கும் அவருக்கும் வாரம் ஒரு சண்டை. அப்பேர்ப்பட்ட தலை மூன்று வருஷமாகத் தினமும் போய் வந்த ஹெல்மெட்டுக்குள் ஒரு பொட்டுச் சாயம் இல்லை. மூக்கை வைத்து முகர்ந்தேன். புது ரப்பர் வாசனை வந்தது.

விளிம்பை மறுபடி பார்த்தேன். தரையில் வைத்துத் தேய்ந்தது என்று நினைத்தேனே, அது பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்தபடி விழுப்புரம் வரை குலுங்கிக் குலுங்கித் தேய்ந்ததாகத்தான் இருக்கும். உப்பு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளறை வாசலில் போய் நின்றேன். மனுஷன் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். எழுப்பிக் கேட்டால் சத்தியம் பண்ணுவார். தண்ணீரே இல்லாத கிணற்றுக்கு மோட்டார் விற்கும் வாய் அது. கண்ணால் பார்த்துவிட்டுத்தான் பேச வேண்டும் என்று இருந்தேன்.

திங்கட்கிழமை காலை வழக்கம்போல வாசலில் நின்றேன். ஹெல்மெட்டை மாட்டினார். ‘டக்’.

“வரட்டா?”

“ம்.”

வண்டி நகர்ந்ததும் மாடிக்கு ஓடினேன். தெருக்கோடியில் இஸ்திரிக் கடை பக்கம் வண்டி நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றி டேங்க் மேல் வைத்தார். கண்ணாடியைப் பார்த்து முடியைக் கோதிவிட்டுக்கொண்டார். அப்புறம் மெயின் ரோட்டுப் பக்கம் திரும்பிப் போய்விட்டார். நான் பார்க்கிற தூரத்துக்கு மட்டும்தான் அவர் தலைக்குக் கவசம் இருந்திருக்கிறது. அந்த நிமிஷம் எனக்குக் கோபம்கூட வரவில்லை, பயம்தான் வந்தது. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கடைக்குப் போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுவார். பண்ணினார். “வந்துட்டேம்மா” என்றார். சரி என்று வைத்துவிட்டேன். போனில் கேட்டு, அந்த நினைப்போடு அவர் திரும்பி வண்டி ஓட்டி வர வேண்டாம் என்று நினைத்தேன். ஆனால் சாயங்காலம் வரை பொறுக்க வேண்டுமே. இந்தப் பாழாய்ப்போன நாள் நகரவேயில்லை. பாடமில்லாத நேரமெல்லாம் ஓவிய அறையில் உட்கார்ந்து, முந்தின ராத்திரி வெள்ளி அடித்துக் காய வைத்திருந்த தளபதியின் கவசத்திலிருந்து உப்பை உதிர்த்தேன். கறுப்பைத் தண்ணியாகக் கரைத்துப் பூசி, துணியால் துடைத்தேன். பள்ளங்களில் மட்டும் அழுக்கு தங்கியது. தமிழ் டீச்சர் எட்டிப்பார்த்தார்.

“ஐயோ மிஸ், இதான்! இதான் கேட்டேன்! இவன் தூங்கறப்பகூட இத்தக் கழட்டியிருக்க மாட்டான்.”

“உள்பக்கம் பாக்கி இருக்கு” என்றேன். நெற்றி படும் இடம், பின்கழுத்து படும் இடம் எல்லாவற்றிலும் பழுப்பும் கறுப்புமாக வியர்வைக் கறையைத் தேய்க்க ஆரம்பித்தேன்.

“உள்ள யாரு மிஸ் பார்க்கப்போறா?”

“நான் பார்ப்பேன்.”

நான் சொன்ன தோரணையில் அவர் போய்விட்டார். பாவம், அவர் என்ன செய்வார்.

சாயங்காலம் நான் வாசலில் நிற்கவில்லை. தெருக்கோடியில் இஸ்திரிக் கடைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். வழக்கமான நேரம் தாண்டியது. மெயின் ரோட்டில் ஒவ்வொரு லாரி ஹாரனுக்கும் எட்டி எட்டிப் பார்த்தேன். அந்தப் பெண் காட்டிய அலமாரி கண்ணுக்குள்ளேயே நின்றது. கடைசியில் வந்தார். முடி பறக்க, வாயில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு, டேங்க் மேல் ஹெல்மெட்டோடு வந்தார். வண்டியை ஓரம் கட்டி, மாட்டிக்கொள்ளக் கையில் எடுத்த பிறகுதான் என்னைப் பார்த்தார்.

“இன்னா, இங்க நின்னுக்கினு கீற?”

“போட்டுக்கோங்க. நான் வாசல்ல போய் நிக்கறேன்.”

முகம் செத்துப்போனது. “இல்லம்மா, இப்பதான் கழட்டினேன், ஒரே வேர்வை...”

“வேர்வையா? உள்ள ஒரு சொட்டு சாயம் இல்ல. தலைகாணி மட்டும் கரிச்சட்டி மாதிரி கீது. யாருகிட்ட கதை விடறீங்க?”

ஹெல்மெட்டைக் கவிழ்த்து உள்ளே பார்த்தார். “டோல்கேட்டாண்ட போட்டுக்குவேன். அங்க போலீசு நிக்கும்.”

“அப்ப எனக்கும் போலீசுக்கும்தான் ஹெல்மெட்டா? லாரிக்காரனுக்கு இல்லியா?” என்று கத்திவிட்டேன். இஸ்திரிக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு எங்களையே பார்த்தார். பார்க்கட்டும் என்று இருந்தது. அழுகை வேறு பொத்துக்கொண்டு வந்தது.

அவர் குரல் தாழ்ந்துவிட்டது. “டைட்டும்மா. மாட்டுன கொஞ்ச நேரத்துல ரெண்டு நெத்திப்பொட்டும் தெறிக்குது. கண்ணு இருட்டிக்கினு வருது.”

“அத்தச் சொல்றதுக்கு இன்னா?”

“எப்படிச் சொல்றது? நீ அந்த அம்மாவைப் பார்த்துட்டு வந்து, ராத்திரியெல்லாம் அழுதுட்டு, காலையில ஓடிப்போய் வாங்கினு வந்த. தினம் வாசல்ல நின்னுக்கினு நான் மாட்டறதையே பார்க்கற. மாட்டுன ஒடனே உம் மூஞ்சி தெளியும். அந்த மூஞ்சியப் பார்த்துட்டு, இது பத்தலைன்னு எப்படிம்மா சொல்லுவேன்?”

என் மேல் இருந்த பாசத்தைத் தலைக்கு மாட்டிக்கொள்ளாமல் டேங்க் மேல் வைத்துக்கொண்டு மூன்று வருஷம் போய் வந்திருக்கிறார். அடிக்கலாமா, கட்டிக்கொள்ளலாமா என்று இருந்தது. நடுத்தெருவில் இரண்டுமே முடியாது.

“எம் மூஞ்சிக்காகத் தலையக் குடுப்பீங்களா?” என்று மட்டும் கேட்டேன். நான் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். “திருப்புங்க, கடைக்குப் போலாம்.”

அன்றைக்கே பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தோம். கிளிப்பைப் போட்டு, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி, வலிக்கிறதா, வலிக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அவருடைய பூசணித் தலைக்குப் பொருந்தியது பளீரென்று ஒரு சிவப்பு ஹெல்மெட்தான். பார்க்கச் சகிக்கவில்லை. வாங்கிவிட்டோம்.

ஆண்டு விழாவில் நாடகம் நன்றாகப் போனது. பார்க்க வந்திருந்த அவர் என் காதோரம் குனிந்து, “ஏம்மா, இவ்ளோ வசதியான ஸ்கூலு, எவனோ போட்டுக் கழிச்சதையா வாங்கினு வருவாங்க?” என்று கேட்டார். என் வேலைக்கு அதைவிடப் பெரிய பாராட்டு அன்றைக்குக் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகும் மாடிக்கு ஓடினேனா என்றால், சில நாள் ஓடினேன். அப்புறம் விட்டுவிட்டேன். அவர் குளிக்கப் போகும் நேரத்தில் சிவப்பு ஹெல்மெட்டைக் கவிழ்த்துப் பார்ப்பதோடு சரி. முதலில் நெற்றிப் பக்கம் பஞ்சு லேசாக அமுங்கியது. பிறகு எண்ணெய் வாடை வந்தது. ஒரு நாள் உச்சியில், சாம்பல் நிறத் துணியில், கட்டைவிரல் அகலத்துக்குக் கறுப்பாக ஒரு சாயத் திட்டு. விரலால் தடவிப் பார்த்தேன். விரலிலும் ஒட்டியது.

இப்போது அது உள்ளங்கை அளவுக்குப் பரவிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை அவர் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு சோப்புத்தூள் தேடினார்.

“நாறுதும்மா. உள்துணிய மட்டும் உருவித் தொவைக்கலாமாம்.”

தலையணை உறைக்காக வாரா வாரம் அவரோடு மல்லுக்கு நிற்கிறவள் நான். எழுந்து போய் ஹெல்மெட்டைப் பிடுங்கி ஆணியில் மாட்டினேன்.

“அதுல கைய வெச்சீங்க, எனக்குக் கெட்ட கோவம் வரும்.”