ஒரே கதவு வைத்த சமையல்கட்டு

கல்யாணமான மறு வருஷம் கோடை விடுமுறையில் என் வீட்டுக்காரர் என்னை வீடு பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார். வாடகைக்கு இல்லை, விலைக்கும் இல்லை. சும்மா பார்க்க. மற்ற வாத்தியார்களின் பெண்டாட்டிகள் கொடைக்கானல், குற்றாலம் என்று கிளம்பிக்கொண்டிருந்தார்கள். நான் ஊரான் வீட்டுச் சுவரை வெயிலில் அண்ணாந்து பார்க்கப் போனேன்.

அவர் ராமநாதபுரத்தில் டிராயிங் வாத்தியார். மெட்ராஸில் பேர்பெற்ற ஓர் ஆர்க்கிடெக்ட் மேல் அவருக்கு அப்படியொரு பக்தி. பெயரைக்கூடச் சொல்ல மாட்டார், 'பெரியவர்' என்பார். அந்தப் பெரியவர் எங்கள் பக்கத்துப் பணக்காரர்கள் சிலருக்கு வீடு வரைந்து கொடுத்திருந்தார். அவற்றைப் பார்த்துவிட்டு வந்து அதே மாதிரி எங்களுக்கும் ஒன்று கட்டுவதாகத் திட்டம். மனை, முதுகுளத்தூரிலிருக்கும் என் அய்யா எனக்குச் சீராக வாங்கிக் கொடுத்தது. வீட்டுப் படம் இவர் போட்டது.

அந்தப் படத்தில்தான் சண்டை. சமையல்கட்டு மேற்கு மூலையில். ஒரே கதவு, அதுவும் கூடத்தைப் பார்த்து. கொல்லைக்கு வழியில்லை, ஜன்னல் இல்லை. மேலே கைக்கெட்டாத உயரத்தில் பூப்பூவாய் ஓட்டைகள்.

"கொல்லைப் பக்கம் ஒரு கதவு வைங்க" என்றேன்.

"பெரியவர் வீட்டுல பின்சுவரு மொழுமொழுன்னு இருக்கும். அதுல கதவ வச்சா அழகு போச்சு" என்றார்.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்பார்கள். கல்யாணத்தைப் பண்ணிப் பார்த்தாயிற்று. வீட்டையாவது உருப்படியாகக் கட்ட வேண்டாமா? அடுப்படியில் வேகப்போவது நான். அழகு மட்டும் அவருக்கா?

முதலில் கீழக்கரைக்கு பஸ் ஏறினோம். கொழும்பில் வியாபாரம் செய்த ஒரு முதலாளி தன் இரண்டு மகள்களுக்கும் பக்கத்தில் பக்கத்தில் பெரியவரை வைத்துக் கட்டிய வீடுகள். அந்த ஊரில் கல்யாணத்தில் பெண்ணுக்கு வீடு கொடுப்பார்கள். மாப்பிள்ளைதான் அங்கே வந்து குடியிருப்பார். வெளி ஆண்களுக்கு முன்கூடத்தோடு சரி. இவரை அங்கே உட்காரவைத்து முதலாளி சர்பத் கொடுத்தார். 'உள்ள ஒண்ணு விடாமப் பாத்துட்டு வந்து சொல்லு' என்று இவர் என்னிடம் கண்ணாலேயே கெஞ்சினார். எனக்கு உள்ளூர ஒரே சந்தோஷம். பக்தருக்கு வாசல், எனக்குக் கருவறை!

உள்ளே மூத்த மகள் என் கையில் தொதல் அல்வாத் தட்டைக் கொடுத்துவிட்டு என்னை நேரே பின்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். இரண்டு வீட்டுக்கும் நடுவே பெரியவர் ஒரு பூந்தோட்டமும் உயரமான மதிலும் வைத்திருந்தார். அந்த மதிலில் ஆள் உயரத்துக்கு இடித்து, ஒரு பலகைக் கதவு மாட்டியிருந்தது. தோட்டத்தின் குறுக்கே ஓலைப் பந்தல்.

"எங்க ஊர்ல வீட்டுக்கு வீடு உள்ளாற கதவு உண்டும்மா. தெருவுல கால் வைக்காம உம்மா வீட்டுக்குப் போவோம், மாமி வீட்டுக்குப் போவோம். அந்த மனுசன் மதில எழுப்பிட்டுப் போயிட்டாரு. கூடப்பொறந்தவளப் பாக்க நான் துப்பட்டியப் போத்திக்கிட்டுத் தெருவச் சுத்தணுமா? அவரு ரயிலேறின மறுநாளே கொத்தனாரக் கூப்பிட்டோம்" என்றார்.

"வாப்பா ஒண்ணும் சொல்லலையா?"

"சொன்னாக. வீடு எங்களுதுல்ல?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்தப் பெரியவரும் இந்த ஊரில் எல்லா வீட்டிலும் முன்கூடத்தில் உட்கார்ந்து சர்பத் குடித்துவிட்டுப் போனவர்தானே? உள்ளே எப்படிப் புழங்குகிறார்கள் என்று ஒரு பெண்ணிடமும் கேட்டனுப்பவில்லை. கேட்காமலே வரைந்துவிட்டார்.

திரும்பும் பஸ்ஸில் இதைச் சொன்னதும் இவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"பாவிங்க! படத்தக் கிழிச்ச மாதிரில்ல?"

"படத்துல யாரும் சோறாக்கலையே. கொல்லைக்குக் கதவில்லாத வீட்டுக்கு நான் குடிவர மாட்டேன், பாத்துக்கிருங்க."

சிரித்தார். பஸ்ஸில் நாலு பேர் திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சிரித்தார். கோபித்திருந்தால்கூட மறந்திருப்பேன். அந்தச் சிரிப்பு எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

மறுநாள் பாம்பன் பாலம் தாண்டி ராமேஸ்வரம் போனோம். கடலோரத்தில் ஒரு மிராசுதாரின் பங்களா, அதுவும் பெரியவர் கட்டியதுதான். அமாவாசைக்குக் குளிக்க வந்த சொந்தக்காரர்களால் வீடு நிறைந்திருந்தது. இவர் முன்வராந்தா வளைவுகளைத் தடவித் தடவிப் பார்த்தார். நான் சமையல்கட்டைத் தேடிப் போனேன். இவர் போட்ட படம் அப்படியே எழுந்து நின்றது: ஒரே கதவு, மேலே பூ ஓட்டைகள். ஈர விறகு. கடல்காற்று கூடத்து வழியாக வந்து புகையை உள்ளேயே திருப்பித் தள்ளியது. மூன்று பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சோறு வடித்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னங்க, இங்கன வாங்க. பெரியவர் வேலை ஒண்ணு இங்கன இருக்கு" என்று கூப்பிட்டேன். ஆசையாக ஓடி வந்தார்.

"உள்ள போங்க. அந்தப் பூ ஓட்டைய நல்லா அண்ணாந்து பாருங்க."

போனார். அண்ணாந்து பார்த்தார். இருமினார். வெளியே வரத் திரும்பினார். நான் வாசலில் நின்றுகொண்டேன். இருந்ததே அந்த ஒரு வழிதான்.

"வழி விடு" என்றார்.

"ஏன், அழகாத்தான இருக்கு?"

வடித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி சிரித்துவிட்டாள். அப்புறம் மற்ற இருவரும். அவர்கள் முன்னால் என்னைத் தள்ளிக்கொண்டு வர அவருக்குக் கூச்சம். நின்றார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. எனக்குக் கொஞ்சமும் பாவமாக இல்லை. ஒரு நாள் ஒரு நேரம் நின்றதற்கே இந்தப் பாடு. நான் ஆயுசுக்கும் நிற்க வேண்டியவள்.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். மறுபடி துடைத்தார்.

"சரி. கதவு எந்தப் பக்கம் வேணும்?"

"தெற்க, கொல்லையப் பாத்து" என்றேன். நகரவில்லை. "ஜன்னலும் வேணும்."