பைக்குள் வளர்ந்த பிள்ளை

ஜப்பான்காரன் காலத்தில் நாங்கள் மலாக்காவின் காஜா பேராங்கில், பல தலைமுறைக்கு முன்பே அங்கே குடியேறிய ஒரு மலாக்காச் செட்டிக் குடும்பத்தின் பின்கட்டில் வாடகைக்கு இருந்தோம். கணக்கெழுதும் கிராணி வேலை போனபின் என் கணவர் பக்கத்துக் கடற்கரையான உஜோங் பாசிர் மீனவர்களோடு கடலுக்குப் போய்க்கொண்டிருந்தார். வீட்டுக்கார அம்மாளுக்குச் சாமி பெயர்களும் சில சாப்பாட்டுப் பெயர்களும்தான் தமிழில் தெரியும்; மற்றதெல்லாம் மலாய்; எங்கள் பேச்சும் அதில்தான். நான் அவரை அக்கா என்பேன். அவர் என்னைத் தங்கை என்ற பொருளில் 'அடேக்' என்பார். எங்களைச் சேர்த்துவைத்தது பின்னல் வேலை.

கடைகளில் நூல் கிடையாது. பழைய சுவெட்டர்களைப் பிரித்து, வெந்நீரில் நனைத்து, கல் கட்டித் தொங்கவிட்டு நூலை நேராக்குவோம். சைக்கிள் கம்பியைத் தேய்த்தால் ஊசி. ஒரு நிறம் தீர்ந்தால் அந்த வேலை அப்படியே நிற்கும் என்பதால் எப்போதும் இரண்டு மூன்று வேலை கையில் இருக்கும். அப்போது கடல் குளிருக்கு என் கணவருக்கு ஒரு கையில்லாச் சுவெட்டர், வயிற்றிலிருந்த பிள்ளைக்கு ஒரு குல்லாய், அப்புறம் சீன வழி வந்த ஒரு நோன்யா அம்மாள் தம் மகள் கல்யாணத்துக்குக் கேட்டிருந்த, பாசிமணி கோத்துப் பின்னும் பெரிய மணிப்பை.

அந்தப் பைக்கு அந்த அம்மாளே நூல் கொண்டுவந்தார். யாரோ ஒரு துரை வீட்டுக் குழந்தையின் போர்வையைப் பிரித்தது. அக்கா எந்த நூலையும் கண்ணிமையில் வைத்துத்தான் பார்ப்பார். இதை வைத்ததும், அந்த மிருதுவில், சற்று நேரம் கண்ணைத் திறக்கவில்லை. மணி வேலை செய்த பழைய காலணிகளிலிருந்து எடுத்த மணிகளைத் தட்டில் பரப்பி, எனக்கு ஒன்றாகவே தெரிந்த இளஞ்சிவப்பை நாலைந்தாகப் பிரித்தார். பின்னத் தொடங்குமுன்பே மணியெல்லாம் நூலில் ஏறிவிட வேண்டும். முதலில் கோத்தது கடைசியில்தான் வரும். ஒரு பூவை முழுக்கத் தலைகீழாக மனத்தில் வைத்துக்கொண்டு, என்னோடு பேசியபடியே அவர் கோத்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பை பாதி எழும்பியிருந்தபோது, மாதம் நிறையாமலே எனக்கு வலி கண்டது. பெண் பிறந்தாள். என் கணவரின் உள்ளங்கையில் தலையும் முழங்கையில் காலுமாக அடங்கிவிட்டாள்.

"சூடு போவாம பாத்துக்கம்மா. வேற மருந்து ஒண்ணும் இல்ல," என்றார் மருத்துவச்சி.

குல்லாய் அவள் கழுத்துவரை இறங்கியது. சாரோங் துணியில் எத்தனை சுற்றுச் சுற்றியும் கால் சில்லென்றே இருந்தது. அக்கா வந்து தொட்டுப் பார்த்தார். உடனே போய் அந்தப் பையை எடுத்துவந்தார். ஊசிகளை உருவி, கண்ணிகள் அவிழாமல் ஒரு கயிற்றில் கோத்துவிட்டு, பிள்ளையைக் கால்பக்கமாக உள்ளே இறக்கினார்.

"அக்கா, அது கல்யாணப் பை."

"மணி எல்லாம் வெளிய. உள்ள நூல்தான். குத்தாது, அடேக்."

பையோடு அவளை என் மார்பில் வைத்துக் கட்டினார். அன்று மாலைக்குள் நீலம் பாரித்திருந்த உதடு மெல்லச் சிவந்தது. என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கடலுக்குப் போகவில்லை.

சில வாரங்களில் நோன்யா அம்மாள் பை கேட்டு வந்தார். அக்கா என் மடியைக் காட்டினார். அந்த அம்மாள் தரையில் உட்கார்ந்து, பையிலிருந்து எட்டிப் பார்த்த முகத்தைப் பார்த்தார்.

"பூ பாதியில நிக்குதே," என்றார் கடைசியில்.

"பிரிச்சு வேற பின்னித் தரேன்," என்றார் அக்கா.

"பிரிக்காதே. அவ உள்ளயே இருக்கட்டும், நீ மேல மேல பின்னு. என் மகளுக்கு என் பழைய பை போதும்."

அப்படித்தான் நடந்தது. நான் பிள்ளையை வெளியே எடுத்துப் பால் கொடுக்கும் நேரத்தில் அக்கா கண்ணிகளை ஊசிக்கு மாற்றி ஒரு சுற்றோ இரண்டு சுற்றோ பின்னுவார். பால் குடித்து முடித்தால் மறுபடி கயிறு, மறுபடி பிள்ளை உள்ளே. நூலின் சூடு ஆறியிருக்காது. பூ இதழ் இதழாக மேலே வந்தது. அவள் கழுத்தும் தோளும் அதற்குச் சளைக்காமல் வந்தன. மரவள்ளிக்கிழங்கு தின்ற உடம்பில் எனக்குப் பால் சுரந்ததே அதிசயம். அதைக் குடித்து அவள் வளர்ந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் மேனி சிலிர்க்கும்.

ஒரு மத்தியானம் பைக்குள் இரண்டு காலையும் சேர்த்து உதைத்தாள். மணிகள் உரசிச் சலசலத்தன. அக்கா கையிலிருந்ததைக் கீழே வைத்தார்.

"பேசாதே, கேளு," என்றார்.

இருவரும் மூச்சை அடக்கிக் காத்திருந்தோம். அவள் மறுபடியும் உதைத்தாள்.