வாழைப்பழத்துக்கு அடியில் வைத்த சங்கிலி

மகளுக்கு ஐந்து வயது. பினாங்கிலேயே பிறந்து இன்னும் ஒரு குரங்கைக் கண்டதில்லை என்று வீட்டில் ஒரே முறையீடு. குரங்குகள் திரியும் தண்ணீர்மலைத் தோட்டத்துக்கும் அங்குள்ள கோயிலுக்கும் போவதென்று முடிவானது. என் கவலையோ அண்ணியின் இரட்டைவடச் சங்கிலியைப் பற்றியது. கோயில், தோட்டம் என்று கிளம்பினால் மூத்த மருமகள் நகையை இளைய மருமகள் போட்டுப்போவது எங்கள் வீட்டு வழக்கம்.

"கழுத்தோட போய்க் கழுத்தோட வரணும், தம்பி" என்று அண்ணி என்னிடம்தான் சொன்னார், என் மனைவியிடம் அல்ல.

குதிரைவண்டி மரங்களுக்குள் நுழைந்ததும் முன்னும் பின்னும் பார்த்தேன். ஆள் நடமாட்டம் இல்லை. எவனாவது பறித்துக்கொண்டு ஓடினால்? "கழற்று" என்றேன் மனைவியிடம். தோட்டம் பார்த்த பிறகு கோயிலில் அர்ச்சனை செய்யவென்று ஒரு சீப்பு வாழைப்பழம் துணிப்பையில் இருந்தது. சங்கிலியைக் கைக்குட்டையில் முடிந்து பழத்துக்கு அடியில் வைத்தேன். பழப்பையை எந்தத் திருடன் தொடுவான்?

மூன்றாம் வகுப்போடு நின்றவன் யோசனை. பார்க்கப் போவது குரங்கை என்பதையே மறந்துவிட்டேன்.

வாசலில் மகளுக்கு வறுத்த கச்சாங் கடலைப் பொட்டலம் வாங்கிக்கொண்டு பத்தடி நடந்திருப்போம். பெரிய கடுவன் குரங்கு ஒன்று என் கையிலிருந்து பையைப் பிடுங்கி மரத்தில் ஏறிவிட்டது. மகள் கைதட்டினாள்.

"ஏங்க, அக்கா முகத்துல எப்படி முழிப்பேன்?" மனைவி தன் வெறுங்கழுத்தைத் தடவினாள்.

தோட்டக்காரர் ஒருவர் கல்லை எடுத்தார். "வேண்டாண்ணே, காட்டுக்குள்ள போயிட்டா போச்சு!" என்று அவர் கையைப் பிடித்தேன்.

பன்னிரண்டு வயதிலிருந்து சூலியா தெருத் துணிக்கடையில் நிற்பவன் நான். வாங்க வந்தவன் தயங்கினால் கெஞ்சக்கூடாது. அவனைப் பார்க்காமல் வேறொரு துணியை எடுத்து, நமக்கே ஆசை வந்ததுபோல் தடவிக்கொண்டிருக்க வேண்டும். தானாகக் கை நீட்டுவான்.

மரத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். பொட்டலத்தைப் பிரித்துச் சத்தமாக மென்றேன்.

"இந்த நேரத்துல கச்சாங்கா?"

"மேலே பாக்காதே. நீயும் தின்னு."

மூவரும் தின்றோம். வாழைப்பழத் தோல் ஒவ்வொன்றாக என் தலையில் விழுந்தது. பிறகு பின்னால் கிளை அசைந்தது. பொட்டலத்தை மெல்ல எட்டத் தள்ளினேன். கடுவன் பையோடு இறங்கி வந்தது. பையை விட்டுவிட்டு இரண்டு கையாலும் கச்சாங்கை அள்ளியது. நான் பையின்மேல் குப்புற விழுந்தேன்.

முடிச்சு அவிழவே இல்லை!

"அடேயப்பா, குரங்குகிட்டயே வியாபாரமா!" என்று தோட்டக்காரர் சிரித்தார். சங்கிலியை மனைவி கழுத்தில் நானே போட்டேன். கோயிலில் கூட்டம், ஒரு முறைகூட அவள் கழுத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை நான். வரும்போது வண்டியின் மூடியை மடக்கிவிடச் சொன்னேன். ஊரே பார்க்கட்டும்.

"கழுத்தோட வந்துச்சா?" என்றார் அண்ணி.

"குரங்கு கையோட போய் வந்துச்சு, பெரியம்மா!" என்றாள் மகள்.

வேறு நாளாக இருந்தால் குறுகிப்போயிருப்பேன். அன்று நானே முழுக் கதையும் சொன்னேன், கடுவன்போல் நடித்தும் காட்டினேன். அண்ணி கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டுச் சங்கிலியை முகர்ந்து பார்த்தார்.

"அடுத்த தடவையும் போட்டுக்கம்மா. ஆனா பையைத் தம்பி தூக்கக்கூடாது."

அதையும் நெஞ்சை நிமிர்த்தியே கேட்டுக்கொண்டேன்.